மஞ்சள் தண்ணீர் குடித்த கம்ப்யூட்டர்

என் சித்திக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சிறுவயதில் உறுதியாக நம்பியிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இப்போது எனக்கே தலை நரைத்துவிட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது.

அப்போது நாங்கள் மராத்தி பேசும் ஊரான கட்கியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்கு ஆலையில் வேலை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடு தங்கிக்கொண்டு சிஞ்ச்வட்டில் ஒரு கம்பெனி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆபீசில் பழைய சாமான்களைக் கழித்தபோது ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, ஆட்டோவில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

அது ஒரே பெட்டி. திரை, மூளை எல்லாம் அதற்குள்ளேயே. தூக்குவதற்குத் தலையில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றிச் சல்லடை போல ஓட்டைகள். உள்ளே விசிறி கிடையாது. சூடு அந்த ஓட்டைகள் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கொஞ்ச நேரம் ஓடினாலே பெட்டி கொதித்து, திரை அப்படியே உறைந்து நின்றுவிடும். அதனால் வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேன் அதற்குப் போய்விட்டது. மே மாதத்தில் நாங்கள் செய்தித்தாளால் விசிறிக்கொண்டு, கம்ப்யூட்டர் காற்று வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அம்மா ஓரத்தில் லேஸ் வைத்து அதற்கு ஓர் உறை தைத்திருந்தாள். அவள் போடுவாள், சித்தப்பா எடுப்பார்.

"அண்ணி, அது மூச்சு விடணும்."

"விடட்டும். தூசியோட எதுக்கு விடணும்?"

டைப் அடிக்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்று சித்தப்பாவை ஏற்கெனவே சில இடங்களில் ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பெட்டி வந்த பிறகு அவர் 'கம்ப்யூட்டர் லைன்' ஆகிவிட்டார். பக்கத்து ஊரான தாபோடியிலிருந்து ஒரு வரன் உடனே திரும்பிப் பார்த்தது. பெண் ஏதோ ஆபீசுக்குப் போகிறதாம். என்ன ஆபீஸ் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆயுதபூஜைக்கு ஆலை விடுமுறை என்பதால் அன்று சாயங்காலமே வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கூடப் பெண்ணும் வருகிறாள் என்றதும் அம்மா மோவாயில் கை வைத்தாள். "பொண்ணே வந்து மாப்பிள்ளையப் பாக்குதா? நல்லா இருக்கு போ!" சித்தப்பாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. இதுவும் தட்டிப்போனால் அடுத்த வரன் எங்கிருந்து வரும் என்பதுதான் அவர் கவலை.

அன்று பூஜை தொடங்கவே நாலு மணியாகிவிட்டது. அப்பாவின் ஸ்பேனர்கள், அம்மாவின் தையல் மெஷின், என் பாடப் புத்தகங்கள், நடுவில் சாமந்தி மாலை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர். திரையின் நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். செம்பில் மஞ்சள் தண்ணீரும் ஒரு மாவிலையும் என்னிடம் கொடுத்து, எல்லாவற்றின் மேலும் லேசாகத் தெளிக்கச் சொல்லிவிட்டு, பெரியவர்கள் வடைக்கும் சுண்டலுக்கும் தட்டு எடுக்கப் போனார்கள். தெளித்தேன். கம்ப்யூட்டரின் முறை வந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வெறும் காற்றுக்கே இது இவ்வளவு சுகப்படுகிறது என்றால் குளிர்ந்த தண்ணீருக்கு எவ்வளவு சுகப்படும்! செம்பை அந்த ஓட்டைகளின் மேல் மெதுவாகச் சாய்த்தேன். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாமல் அழகாக உள்ளே இறங்கியது.

வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டுமே என்று சித்தப்பா ஒத்திகைக்காக சுவிட்சைப் போட்டார். உள்ளே 'டப்' என்றது. ஒரு கருகல் வாசனை வந்தது.

"கற்பூரம் நல்ல கற்பூரம்," என்றாள் அம்மா.

திரை கறுப்பாகவே இருந்தது. சித்தப்பா பக்கவாட்டில் தட்டினார், அணைத்துப் போட்டார், குனிந்து பார்த்தார். பெட்டிக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு கசிந்துகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து மஞ்சள் படிந்த என் விரல்களைப் பார்த்தார். அதற்குள் வாசலில் ஆட்டோ சத்தம்.

பெண்ணின் அப்பா ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேசரியை முடித்த கையோடு, "தம்பி, அதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க," என்றார். சித்தப்பா எதிரில் உட்கார்ந்து கறுப்புத் திரையைப் பார்த்தபடியே மளமளவென்று டைப் அடித்தார். டைப்பில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"படம் வரலியே?"

"கொஞ்சம் சூடாகணுங்க."

"அரே, எங்க வீட்டு டி.வி.யே இந்நேரம் வந்திருக்குமே! என்ன, கெட்டுப்போச்சா? சின்னப் பசங்க யாராச்சும் கை வச்சுட்டாங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"சேச்சே, அவன் கிட்டயே போக மாட்டான்," என்றார் சித்தப்பா. "நான்தான்…" என்று மறுபடி விசைகளைத் தட்டினார். நெற்றியிலிருந்து வேர்வை விசைப்பலகையில் சொட்டியது. அதுவரை தலை குனிந்தபடியே என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த பெண் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னப்பா நீங்க!" என்றாள் தன் அப்பாவிடம். "சந்தனம் குங்குமம் வச்சிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? பூஜையில வச்சத இன்னிக்கே தொடுவாங்களா? நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். பாவம், பெரியவர் கேட்டுட்டாரேன்னு அவரும் மறுக்க முடியாம உக்காந்திருக்காரு."

பெரியவர் நாக்கைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அட ஆமா! ஆலையில இத்தனை வருஷம் பூஜை போட்டவன், எனக்கே மறந்துபோச்சு பாரு."

அவள் எழுந்து வந்து கம்ப்யூட்டரைக் கும்பிட்டாள். சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். மேஜை விளிம்புவரை வந்துவிட்ட மஞ்சள் தண்ணீரைக் கைக்குட்டையால் ஒற்றி, கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கரண்டுக்குப் பயப்படுகிறாள், கம்ப்யூட்டர் தீர்த்தத்தைப் பிரசாதமாக வேறு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறாள்! செத்த மெஷினைக் காட்டிப் பெண்ணைப் பிடித்துவிட்டோம் என்று என் வகுப்பில் எல்லோருக்கும் இந்தியிலும் மராத்தியிலும் விளக்கிச் சொன்னேன். செம்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

கல்யாணமாகி வந்த சித்தி முதல் வேலையாக அம்மாவின் லேஸ் உறையை மடித்து அலமாரியில் வைத்தாள். பிறகு தன் பெட்டியிலிருந்து திருப்புளிகளை எடுத்து, கம்ப்யூட்டரின் முதுகைக் கழற்றி, பழைய டூத் பிரஷால் உள்ளே மஞ்சள் பூத்த இடங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் போய்க்கொண்டிருந்தது கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஆபீசுக்கு. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

"பூஜை போடாம திறக்கலாமா சித்தி?" என்று கேட்டேன்.

அவள் தலை நிமிரவில்லை. "நீ தண்ணி ஊத்தாம இருந்தாப் போதும்டா ராஜா."

சித்தப்பா காட்டிக்கொடுத்துவிட்டார்! வேறு எப்படி இவளுக்குத் தெரியும்? அன்றிலிருந்து வெகுநாள் நான் அவரோடு பேசவில்லை. ஏன் என்று அவர் பலமுறை கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசிவரை அவரிடம் நான் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. பெட்டி பிழைத்து எழுந்த அன்று அவர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். நான் போகவில்லை.

என் மஞ்சள் விரல்களை அன்று அந்த அறையில் இரண்டு பேர் பார்த்திருந்தார்கள் என்பதும், அவர்களில் ஒருவர் என்னைக் காட்டிக்கொடுக்காததைப் பார்த்துத்தான் இன்னொருவர் வாயைத் திறந்தார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.