கைகளைப் பற்றி ஒரு சின்னப் பேச்சு

நோர்வேக்காரர் ஒருவர் சிரித்த முகத்துடன், "சின்னதாக ஒரு பேச்சு பேசலாமா?" என்று கேட்டால் என்ன செய்ய வேண்டும்? ஒஸ்லோவில் தலை நரைத்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்... முதலில் எங்காவது உட்கார்ந்துவிட வேண்டும். வேலை போவதும் இங்கே சின்னப் பேச்சுதான், குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டுவதும் சின்னப் பேச்சுதான்.

போன வியாழக்கிழமை அந்தச் சிரிப்பு என் அக்கா மகன் நிரோஷனுக்குக் கிடைத்தது. ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் குடியிருக்கிறான். மூன்று வயது மகள் மகிழினியைக் கூட்டிவர பார்னஹாகேக்குப் போயிருக்கிறான் - பாலர் பள்ளியை இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே பொறுப்பாக இருக்கும் இங்கர் என்ற பெண்மணி, செவ்வாய்க்கிழமை நீயும் மனைவியும் வாருங்கள், மகிழினியின் கைகளைப் பற்றிச் சின்னதாகப் பேசலாம் என்றிருக்கிறார்.

கைகளைப் பற்றியா? பையன் வீடு போய்ச் சேருமுன்பே எனக்குப் போன் போட்டுவிட்டான். நானும் கூட்டத்துக்கு வரவேண்டுமாம். நீ இங்கேயே பிறந்தவன், நோர்வேஜிய மொழி உனக்குத் தண்ணீர் பட்ட பாடு, நான் எதற்கு என்று கேட்டேன்.

"பயம் வந்தால் எனக்கு ஒரு பாஷையும் வராது, மாமா" என்றான்.

என்ன பயம்? இந்த நாட்டில் பிள்ளைகளை அடித்தாலோ கிள்ளினாலோ குழந்தைகள் நலத்துறை வந்து விசாரிக்கும். நல்ல சட்டம். ஆனால் நம் சனம் அதை 'பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்' என்று ஒரே வரியில் சுருக்கி வைத்திருக்கிறது. யாருடைய பிள்ளையை, எப்போது, எதற்காக என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து நகரமான திராமனில் நடந்ததாம் என்பார்கள். திராமனில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒஸ்லோவில் நடந்தது என்பார்கள்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகிழினி கைகளால் அப்படி என்னதான் செய்கிறாள்? அவளைப் பெற்ற காவ்யாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. காவ்யா திருச்சிப் பெண், மென்பொருள் வேலைக்காக இங்கே வந்தவள். மகளுக்குத் தன் ஊர் விரல் விளையாட்டைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எதிரில் இருப்பவரின் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைவது, பிறகு விரல்களை மடக்கி மடக்கி வீட்டாருக்கு ஒவ்வொரு வாய் சோறு கொடுப்பது. கடைசி விரலுக்குச் சோறு கிடையாது. அதன்பிறகு ஒரு நண்டு மெல்ல மெல்லக் கையேறி அக்குளில் போய்க் கூச்சம் காட்டும்.

நிரோஷன் சும்மா இருப்பானா? அவன் வீட்டு யாழ்ப்பாண விளையாட்டையும் பிள்ளைக்கு ஏற்றியிருக்கிறான். புறங்கையைக் கிள்ளிப் பிடித்து, கைமேல் கை அடுக்கி ஆடுவது. மகிழினி சமத்து. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கி, பார்னஹாகேயில் அரங்கேற்றியும் இருக்கிறாள்.

இதை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் கண்ணால் பாருங்கள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கிறது. முழங்கையால் அழுத்துகிறது. கிள்ளுகிறது. ஒருவருக்கு மட்டும் சாப்பாடு இல்லை என்று அறிவிக்கிறது. கடைசியில், அனுமதி கேட்காமல், அக்குளில் கை வைக்கிறது! எனக்கே எங்காவது புகார் கொடுக்கலாம் போலிருந்தது.

இந்த இடத்தில் கணவனும் மனைவியும் கைகோத்துப் பிரச்சினையை எதிர்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? எதிர்கொண்டார்கள்... ஒருவரையொருவர்.

"எங்க ஊர்ல கிள்றதே கிடையாது, மாமா. நாங்க சோறு ஊட்டுவோம். கிள்றதெல்லாம் இவங்க பக்கம்தான்" என்றாள் காவ்யா.

"அப்ப முழங்கையாலை இடிக்கிறது ஆர்? நாங்களோ?" என்றான் நிரோஷன்.

கிள்ளலா இடியா, எது பெரிய குற்றம் என்று வெகுநேரம் ஆராய்ந்தார்கள். போதாததற்கு நிரோஷன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கருத்துக் கேட்டுவிட்டான். குரோருட்டிலிருந்து ஒருவர், சுண்டுவிரலில்தான் தொடங்க வேண்டும், கட்டைவிரலில் தொடங்குவது இந்தியப் பழக்கம் என்றார். மன்னாரில் சம்பந்தம் செய்த ஒருவர், தங்கள் பக்கத்தில் பருப்பே இல்லை, மீன்தான் பங்குபோடுவது என்றார். பிள்ளையை விசாரிக்கப் போகிறார்களே, என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு மட்டும் ஒருவரும் பதில் போடவில்லை. நண்டின் வழித்தடம் பற்றித்தான் விவாதம் நடந்தது.

கடைசியில் இருவரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையானார்கள். விளையாட்டைத் தடை செய்வது! இனி யாருடைய கையையும் தொடக்கூடாது என்று மகிழினிக்கு உத்தரவு போட்டார்கள். நானும் பெரிய மனிதனாகத் தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. பார்னஹாகேயில், குழந்தைகளுக்குச் செய்த குட்டி நாற்காலிகளில், முழங்கால் மோவாயில் இடிக்க மூவரும் உட்கார்ந்தோம். இங்கர் காப்பி ஊற்றித் தந்துவிட்டு வாயைத் திறப்பதற்குள், இது எங்கள் பண்பாடு என்று நிரோஷன் முந்திக்கொண்டான். கிள்ளுவது மட்டும் எங்கள் பண்பாடு அல்ல என்று காவ்யா திருத்தினாள். அவ்வளவுதான். விளக்கம் நோர்வேஜியத்தில் தொடங்கித் தமிழுக்குத் தாவியது. செய்து காட்ட ஒரு கை தேவைப்பட்டபோது என் இடது கையைத் திருச்சி எடுத்துக்கொண்டது, வலது கையை யாழ்ப்பாணம் பிடித்துக்கொண்டது. ஒருபக்கம் கடைகிறார்கள், மறுபக்கம் கிள்ளுகிறார்கள். இங்கர் என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓய்ந்ததும் அவர் சொன்னார். மகிழினி இங்கே சேர்ந்த நாளிலிருந்து எந்தப் பிள்ளையிடமும் போனதில்லையாம். வாய் திறந்ததில்லையாம். சுவரோரம் தனியாகவே இருப்பாளாம். அண்மையில் ஒருநாள், பக்கத்தில் இருந்த பிள்ளையின் கையை அவளாகவே பிடித்து ஏதோ செய்தாளாம். அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்ததாம். அடுத்தநாள் மற்றப் பிள்ளைகளும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவள் முன்னால் வரிசையில் நின்றார்களாம். எங்களுக்கும் விரல் விளையாட்டு உண்டு, ஒவ்வொரு விரலுக்கும் பெயர்கூட உண்டு, ஆனால் இப்படி ஒரு நண்டு கிடையாது, விளையாடும்போது சொல்லும் வார்த்தைகளைக் கேட்டுப் படிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன் என்றார்.

பிறகு காப்பியைத் தள்ளி வைத்தார்.

"ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். பிள்ளைகள் கை நீட்டினால் தலையசைத்துவிட்டுச் சுவரோரம் போய்விடுகிறாள். வீட்டில் ஏதாவது நடந்ததா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. காவ்யா அழுதுவிட்டாள். நிரோஷன்தான், பயத்தில் நாங்களே தடுத்துவிட்டோம் என்று உள்ளதைச் சொன்னான். இங்கர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. எழுந்து எங்களைப் பிள்ளைகள் இருந்த அறைக்குக் கூட்டிப் போனார்.

மகிழினி சுவரோரம்தான் இருந்தாள். கதவருகில் எங்கள் மூவரையும் கண்டதும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"அம்மா, நான் ஒண்ணும் செய்யேல்லை" என்றாள். பாதி திருச்சி, பாதி யாழ்ப்பாணம்.

எது எந்த ஊர்த் தமிழ் என்று இந்த முறை ஒருவரும் ஆராயவில்லை. காவ்யா போய் அவள் முன்னால் மண்டியிட்டாள். நீ ஒரு பிழையும் செய்யவில்லை, நாங்கள்தான் தெரியாமல் சொல்லிவிட்டோம் என்றாள். அதற்குள் தலைமுடி வைக்கோல் நிறத்தில் இருந்த ஒரு சின்னப் பெண், சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு வந்து கையை நீட்டினாள். மகிழினி அந்தக் கையைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள்.

"விளையாடு, தங்கம்" என்ற காவ்யா, ஒருகணம் தயங்கிவிட்டு, "கிள்ளவும் செய்... மெதுவா" என்றாள்.

"பருப்பையும் கடை" என்றான் நிரோஷன்.

முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. பிறகு மற்றதும் வந்தது. பருப்புக் கடைந்தார்கள், கிள்ளினார்கள், யாரோ ஒருவர் சோறில்லாமல் போனார், நண்டு மெல்ல ஊரத் தொடங்கியது. அது தோளுக்கு வருமுன்பே அந்தப் பெண் கெக்கலித்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

இலங்கைச் சமாதானப் பேச்சு உட்பட, தமிழர்களை முன்வைத்து ஒஸ்லோவில் நடந்த பேச்சுவார்த்தைகளில், எனக்குத் தெரிந்து உருப்படியாக முடிந்தது இது ஒன்றுதான்.