மதகு வைக்காத றோட்டு

போர் முடிந்து, முகாமிலிருந்து மீள்குடியேறி வந்து தகரக் கொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே எங்கள் ஊரில் இரண்டு கட்சி. குழாய்க்கிணறு எங்கே அடிப்பது என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள். அந்த இரண்டு கட்சித் தலைவர்களும் ஒரே வாங்கில் வந்து உட்கார்ந்தது ஊரில் காற்றாலை அமைக்கக் கூட்டின கூட்டத்தில்தான். "காத்து எல்லாருக்கும் பொது. இதில அரசியல் இல்லை" என்றார் ஒருவர். மற்றவர் தலையாட்டினார். எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. விசர் பிடித்த சனம் நாங்கள்!

காற்றாலைக்குப் போடும் றோட்டு, என் வயல் வெள்ளம் கடலுக்கு வடியும் வழியை மறித்துப் போகும். அந்த ஒரு ஏக்கர்தான் எனக்கும் பிள்ளைகளுக்கும் சோறு. எழும்பிக் கேட்டேன்.

"தண்ணி எதால போகும்?"

"றோட்டுக்குக் கீழால மதகு வைச்சுத் தருவம். பயப்பிடாதேங்கோ அம்மா" என்றார்கள் இருவரும்.

எங்கள் விதைப்புக் கூட்டத்தில் கை உயர்த்தினால் அது முடிந்த கதை. எந்த வயலை விதைப்பது, எந்த நாளில் மாட்டை வயல்வெளியை விட்டு ஓட்டிச் சாய்ப்பது, எல்லாம் கையால்தான். சொல் மாறினவனை அடுத்த போகம் ஒருவரும் சேர்க்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் அன்றும் கை உயர்த்தினோம். அவர்களும் உயர்த்தினார்கள். உயர்த்தின கையிடம் எழுத்துக் கேட்பது எங்களுக்கு மரியாதைக் குறைவு. எழுத்துக் கேட்காமலே வீட்டுக்குப் போனோம்.

காற்றாடி எழும்பியது, றோட்டும் எழும்பியது. மதகு வரவில்லை. மாரியை நம்பி விதைத்த காலபோக நெல், கதிர் வெளிவர முன் குடலை தள்ளும் நேரம் மழை பிடித்தது. வெள்ளம் றோட்டில் முட்டி என் வயலிலும் பக்கத்து வயலிலும் நின்றது. இந்தக் கட்சியிடம் போனால் "மற்றக் கட்சிக்காரரைக் கேளுங்கோ" என்றது. அந்தக் கட்சியும் அதையே சொன்னது.

நான் ஒரு கட்சி, பக்கத்து வயல்காரர் மற்றக் கட்சி. அதுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசாத மனிசன், மண்வெட்டியோடு வரம்பில் வந்து நின்றார்.

"தங்கச்சி, வெட்டுவமே?"

"வெட்டுங்கோ அண்ணை."

பட்டப்பகலில் இரண்டு பேருமாக றோட்டை வெட்டினோம். தண்ணீர் பாயத் தொடங்கியது. ஐயோ, அந்தச் சத்தம் கேட்க எவ்வளவு சந்தோசமாக இருந்தது!

கொஞ்ச நேரம்தான். தலைவர்கள் இருவரும் ஒரே வாகனத்தில், பொலிசோடு வந்து இறங்கினார்கள். "பொதுச் சொத்தில கைவைக்க ஏலாது" என்றார் ஒருவர். மற்றவர் அன்றைக்குப் போலவே தலையாட்டினார். கிரவல் கொட்டி வெட்டை மூடுவித்துவிட்டுத்தான் போனார்கள்.

"நாசமாய்ப் போக உங்கட ஒற்றுமை!" என்று பின்னால் நின்று கத்தினேன்.

நெல் நின்ற இடத்திலேயே அழுகியது. முகாமோடு போய்விட்டது என்று நினைத்திருந்த நிவாரண மாவுக்கு மறுபடியும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அந்த அண்ணை நின்றார்.