குருவம்மாள் மறுத்த சோறு

மேலகரத்தில் குருவம்மாள் வீட்டு வாசலை மிதித்தவர் யாரும் பசியோடு திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. வரப்புத் தகராறு என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தவனைக்கூட, "முதல்ல ரெண்டு வாய் சாப்பிடுங்க அண்ணாச்சி, பொறவு சண்டை போடலாம்" என்று இலை போட்டு உட்கார வைத்துவிடுவாள். சாப்பிட்டு எழுந்தவனுக்குச் சண்டை எங்கிருந்து வரும்? அப்படிப்பட்டவள், 1936ஆம் வருஷத்துச் சாரல் காலத்தில், சொந்தப் புருஷனுக்கே ஒரு வாய் சோறு இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது.

புருஷன் சங்கரபாண்டி நடவு முடிந்த கையோடு காய்ச்சலில் விழுந்தவன். கஷாயம், திருநீறு, வேப்பிலை எதற்கும் அது மசியவில்லை. வண்டியில் வைக்கோலைப் பரப்பிப் படுக்கவைத்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு விஷக்காய்ச்சல் என்றார்.

"குடல் பூராவும் புண்ணு. பார்லித் தண்ணி, மோர்த்தெளிவு, அவ்வளவுதான். சோறு உள்ள போச்சுன்னா குடல் ஓட்டையாயிரும். அதுக்கப்புறம் நான் ஒண்ணும் செய்யமுடியாதும்மா."

இதற்கென்று தனி மருந்து இல்லை, காய்ச்சல் தானாக இறங்கும்வரை காவல் இருப்பதுதான் வைத்தியம் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. குருவம்மாள் கட்டிலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

நோயைக் காவல் காத்துவிடலாம். உறவுக்காரர்களைக் காவல் காப்பதுதான் பெரும்பாடு. பார்க்க வந்த ஒருவராவது வெறுங்கையோடு வரவேண்டுமே! இட்லி, தயிர்சாதம், நெய்ச்சோறு என்று வந்த தூக்குச்சட்டிகளை எல்லாம் வாசலிலேயே மறித்தாள். கட்டிலில் கிடந்தவனோ, "ஏட்டி, பழையதும் சுண்டக்கறியும் கொண்டாட்டி. நீ பொம்பளையா பேயா?" என்று கத்துவான். அந்த வார்த்தை அவளைக் குத்தாமல் இல்லை. பார்லித் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து வாயில் விடுவாள்.

ஆலங்குளத்திலிருந்து நாத்தனார் உலகம்மாள் வந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். எலும்பாய்க் கிடந்தவனைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"காய்ச்சலா கொல்லுது? நீ பட்டினி போட்டுக் கொல்லுத!"

"டாக்டர் சொல்லுதாரு மதினி."

"டாக்டரா கூடப்பொறந்தாரு? ஆசையோட போனா கட்டை வேகாதுட்டி. கேக்குததக் குடுத்து அனுப்பு."

குருவம்மாள் கட்டிலை மறித்து உட்கார்ந்தாள். உலகம்மாளும் போகவில்லை. கொண்டுவந்த தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் புதிதாக ஆக்கிக்கொண்டு வந்து அப்படியே உட்கார்ந்தாள். அவளைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

அன்றைக்கு மத்தியானம் சங்கரபாண்டி சோறு கேட்பதை நிறுத்திவிட்டான். விரல்கள் மட்டும் போர்வையைக் கிள்ளிக்கொண்டிருந்தன. சாகப்போகிறவர்கள் அப்படித்தான் கிள்ளுவார்கள் என்று குருவம்மாளுக்குத் தெரியும். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "சொல்லவேண்டியவங்க யாரும் இருந்தா சொல்லி அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஜன்னலுக்கு வெளியே குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டம் பஸ்ஸில் சிரித்துக்கொண்டு போனது. குருவம்மாள் அவர்களைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் போட்ட சோற்றை இவருக்குக் கொடுக்காமலா அனுப்பப் போகிறேன் என்று நினைத்தாள். மதினியிடம் கையை நீட்டினாள். உலகம்மாள் தூக்குச்சட்டியைக் கொடுத்தாள். குருவம்மாள் தயிர்ச்சோற்றைக் குழையப் பிசைந்து ஒரு வாய் எடுத்து அவன் உதட்டருகில் கொண்டுபோனாள்.

வாசனைக்கோ என்னவோ, சங்கரபாண்டி கண்ணைத் திறந்தான். சோற்றைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"டாக்டர் கைவிட்டுட்டாரோ?"

அவள் சோற்றை இன்னும் கொஞ்சம் நெருக்கினாள்.

"நீ குடுக்கமாட்டேன்னு நின்னியா... அப்ப பொழச்சுருவேன்னுதான் நெனச்சுக் கெடந்தேன்" என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான்.

குருவம்மாள் சட்டென்று எழுந்தாள். கையிலிருந்த சோற்றோடு வெளியே ஓடி, வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைக் கவிழ்த்தாள். காக்கைகள் கூடிவிட்டன. கையைக் கழுவிக்கொண்டு வந்து, காலிச் சட்டியை மதினியிடம் கொடுத்தாள்.

"இனி இது இந்தப் படி ஏறப்படாது. அவுக பொழைக்கப்போறாக."

உலகம்மாள் வாயெடுத்தாள், அவள் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள். பார்லிக் கிண்ணத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் இரண்டு பேரும் மாறி மாறிக் கரண்டி பிடித்தார்கள். காய்ச்சல் உடனே இறங்கிவிடவில்லை. ஏறி, இறங்கி, அவர்கள் உயிரை வாங்கி, கடைசியில் ஒரு காலையில் நெற்றியில் வேர்வை பூத்தது.

அதற்குப் பிறகும் வெகுநாள் கழித்துத்தான் டாக்டர் குழைந்த சோற்றுக்கு உத்தரவு கொடுத்தார். குருவம்மாள் கரைத்து, வடிகட்டாத குறையாக மசித்து, ஒரு வாய் எடுத்து நீட்டினாள். சங்கரபாண்டி வாயைத் திறக்கவில்லை. மிரண்டுபோய் அவளையே பார்த்தான்.

"டாக்டர் குடுக்கச் சொல்லிட்டாரு" என்றாள்.

"அவரு சொன்னது இருக்கட்டும். நீ என்ன சொல்லுத?"

"தின்னுங்கன்னுதான் சொல்லுதேன்."

அவன் வாயைத் திறந்தான்.