காப்புக்கு முன் கறிச் சோமாசி

காப்புக் கட்டிய ஊரில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது, கறி வேகாது. பணி ஓய்வுக்குப் பின் மலைமேல் இந்த வாழவந்தி நாட்டில் குடியேறிய எங்களுக்கு இது தெரியாததல்ல. மாரியம்மன் திருவிழா அடுத்த வாரம் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செவ்வாயன்று கோயிலில் பூ வைத்து உத்தரவு கேட்டிருக்கிறார்கள். அம்மன் மறுநாளே காப்புக் கட்டச் சொல்லிவிட்டாள். முன்னறிவிப்பு பற்றிய விதிகள் அம்மனைக் கட்டுப்படுத்துவதில்லை.

புதன்கிழமை காலை அந்தச் செய்தி வந்தபோது எங்கள் அடுப்பில் கொத்துக்கறி வெந்துகொண்டிருந்தது.

அருவிக்குப் போகும் சாலையில் ஒரு விடுதி இருக்கிறது. அங்கே தங்குகிறவர்களுக்குப் பஜ்ஜி அலுத்துவிட்டதாம். கறியும் சீஸும் உள்ளே வைத்துப் பொரித்த, ஒரே வாயில் போட்டுக்கொள்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றார் விடுதிக்காரர். என் மனைவி கறிச் சோமாசி செய்து தருவதாகச் சொல்லியிருந்தாள். சேந்தமங்கலத்திலிருந்து இன்னொரு அம்மாளும் ஏதோ கொண்டுவருகிறார். அன்று மாலை இரண்டையும் தின்றுபார்த்து, ஒருவருக்குத்தான் வேலை. என் மாறுதல் உத்தரவுகளுக்குப் பின்னால் ஊர் ஊராகப் பாத்திரம் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். தனக்கென்று ஒன்றை அவள் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்து வீட்டுக்காரி வந்து சமையலறையின் பின்வாசலில் நின்றாள். தலைக்குக் குளித்து, விரதத்தில் இருந்தாள். இந்த ஆண்டு தீச்சட்டி எடுப்பது அவள் கணவர்.

“கறி வாசம் எங்க ஊடு வரைக்கும் வருதுங்கக்கா” என்றாள்.

காப்புக்கு முன்பே அடுப்பில் ஏறிய கறி இது, எந்த விதியும் முன்தேதியிட்டுச் செல்லாது என்று நான் விளக்கினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“காப்பு கட்டற வரைக்கும் ஆக்கிக்குங்கக்கா. அப்பறம் ஒரு பொட்டுக் கறி இந்த வளவுல எந்த ஊட்டுலயும் இருக்கப்படாது. எங்க ஊட்டுக்காரரு கை வெந்துச்சுன்னா ஊரு உங்களத்தான் பேசும். நானும் பேசுவேனுங்க.”

கடைசி வாக்கியத்தை மிக மெதுவாகச் சொன்னாள்.

தெருத்தெருவாகப் பறை சுற்றிவந்து கோயிலில் நிற்கும். நின்றதும் காப்பு முடிச்சு விழும். அப்போதுதான் பறையை நெருப்பில் காய்ச்சித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

நான் பல செய்முறைகளைப் படித்து ஒன்றாகத் தொகுத்து வைத்திருந்தேன். மைதாவில் வெண்ணெய் சேர்த்துப் பிசைந்து அரை மணி ஊறவிட வேண்டும். இல்லாவிட்டால் தேய்த்த வட்டம் சுருங்கும். மிளகு போட்ட கறி ஈரமின்றி வற்றி, முழுதாக ஆற வேண்டும். சீஸ் குளிர்பெட்டியிலிருந்து நேராக வர வேண்டும். இவற்றை நினைவூட்டினேன்.

“ஏனுங்க, அந்த உத்தரவ நீங்களே வெச்சுக்குங்க” என்று சொல்லிச் சுடச்சுடக் கறியை உள்ளே வைத்து மடித்தாள் மனைவி.

முதல் ஈடு எண்ணெயில் விழுந்த வேகத்தில் வாய் பிளந்தது. சீஸ் வெளியே ஓடிக் கருகியது. எண்ணெயை வடிகட்டி மறுபடியும் காய வைத்தாள். பறை கீழ்த்தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. நான் சொன்னதுதான் சரி என்பதைச் சொல்ல அது நேரமல்ல, ஆனாலும் சொன்னேன். பதிலுக்குக் கறியைப் பெரிய தாம்பாளத்தில் பரப்பி, ஒரு முறத்தையும் சேர்த்து என் கையில் திணித்தாள். கொல்லையில் நின்று விசிறினேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுக்குப் போய்ப் பூரிக்கட்டையும் பலகையும் எடுத்துவந்து படியிலேயே உட்கார்ந்தாள்.

“மாவ இப்படித் தள்ளுங்கக்கா. மாவுல என்ன தோசம்?”

அவள் தேய்த்த வட்டங்களை வாழையிலையில் வைப்பாள். என் மனைவி இலையிலிருந்து எடுத்துக்கொள்வாள். இருவர் கையும் படவில்லை. வட்டங்கள் ஒரே கனமாக இல்லை என்றேன்.

“ஐயா, நீங்க விசுறுங்க” என்றாள்.

ஆறிய கறி சொன்னபடி கேட்டது. அடுத்த இரண்டு ஈடும் உப்பிச் சிவந்து வந்தன. நான்காவதை மடித்து முடித்தபோது பறை நின்றது.

பூசாரி தீபம் காட்டி முடிச்சுப் போடக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை தடை அமலுக்கு வராது என்றேன். பக்கத்து வீட்டுக்காரி எழுந்து நின்றாள். எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. பொரித்தவை ஒரு தட்டைக்கூட நிறைக்கவில்லை.

மனைவி அடுப்பை அணைத்தாள்.

“எண்ணெய் காஞ்சிருக்கே” என்றேன்.

“அவ நிக்கறப்ப என்னால முடியாதுங்க.”

பொரித்தது, பொரிக்காதது, மிச்சக் கறி எல்லாவற்றையும் தூக்குகளில் அடைத்து ஸ்கூட்டரில் ஏறினோம். ஊர் எல்லையான ஓடையைத் தாண்டும்போது காப்பு முடிச்சு விழுந்ததென்று பின்னால் கோயில் வேட்டு வெடித்தது.

விடுதிக்காரரின் அடுப்பைக் கேட்டு வாங்கி மிச்சத்தை அங்கேயே பொரித்தாள். சேந்தமங்கலத்து அம்மாள் டிபன் கேரியரோடு காத்திருந்தார்; இவளுக்கும் ஒன்று தின்னக் கொடுத்தார். விடுதிக்காரர் இருவருடையதையும் தின்றார். பிறகு இவளுடையதை இன்னொன்று எடுத்தார். நாளையிலிருந்தே கொண்டுவரச் சொன்னார்.

காப்பு அவிழ்க்கும்வரை முடியாது என்றாள் என் மனைவி.

அப்படியானால் அந்த அம்மாளே செய்யட்டும் என்றார் அவர். நான் குறுக்கிட்டேன். விடுதி எல்லைக்கு வெளியே இருக்கிறது. இங்கே வந்து சமைப்பதை எந்தக் கட்டுப்பாடும் தடுக்காது. இது முற்றிலும் சரியான வாதம்.

“தெனமும் கறியத் தொட்டுட்டு அவ ஊட்டு வாசலத் தாண்டி நான் போகோணும்” என்றாள், என்னைப் பார்த்து.

விடுதிக்காரர் கொஞ்சம் யோசித்தார். வாரநாட்கள் அந்த அம்மாளுக்கு. திருவிழா முடிந்தபின் சனி, ஞாயிறு இவளுக்கு. நிபந்தனைகளைப் பற்றி நான் கேட்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டாள்.

கறி தின்ற உடம்போடு காப்புக் கட்டிய ஊருக்குள் போக முடியாது. திரும்பும் வழியில் ஓடையில் இறங்கி, சேலையோடு முங்கி எழுந்தாள். குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன.

“அந்தம்மா கறியில ஈரம் இருந்துச்சுங்க. சீக்கிரமே நமத்துப் போயிரும்” என்றாள். “சனி, ஞாயிறு எம்பட சோமாசியத் தின்னவங்க திங்கக்கிழமை அதத் தொடுவாங்களா, பாத்துக்கலாம்.”

கறியை விசிறியவனுக்கும் இது பொருந்துமா என்று கேட்காமல், நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தேன்.