இரண்டாயிரம் ரூபாய்க்கு ஓர் ஒத்திகை

1988 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். முந்தின நாள் மாலை இருபது நிமிடம் பெய்த மழை புழுக்கத்தைக் கூட்டிவிட்டுப் போயிருந்தது. வானம் மூடியே கிடந்தது. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் வெள்ளானூர்க்காரர். நான் கணக்கு எழுதிய தொழிற்சாலை ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். சட்டைக்குள்ளிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். பிரித்தால் நூறு ரூபாய்த் தாள்கள் இருபது.

"தம்பி ஆபரேஷனுக்கு வெச்சிக்கோ அண்ணாத்தே. எப்ப முடியுதோ அப்ப குடு. நானு கேக்க மாட்டேன்."

காபி குடிக்கச் சொன்னேன். ஏர் ஓட்ட ஆள் வந்துவிடுவான் என்று சொல்லி நிற்காமல் போய்விட்டார்.

என் தம்பிக்கு எந்த ஆபரேஷனும் இல்லை. எனக்கும் அந்த இரண்டாயிரம் தேவையில்லை. அன்று என் வங்கிக் கணக்கில் ஆறாயிரத்து நானூற்று முப்பது ரூபாய் இருந்தது.

இது ஏன் இப்படி ஆயிற்று என்று சொல்ல இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும். 1986இல் எங்கள் வரிசையில் நான்காவது வீட்டுக்காரர் பூந்தமல்லி சாலையில் லாரி மோதி இறந்துபோனார். வயது நாற்பத்தொன்று. தொழிற்சாலையிலிருந்து வர வேண்டிய பணமெல்லாம் வந்து சேர எட்டு மாதம் ஆகும் என்றார்கள். அந்த எட்டு மாதத்துக்கு அந்த அம்மா கையில் ஒன்றுமில்லை. இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து கைமாற்றுக் கேட்டார். என்னிடமும் கேட்டார். நான் ஐம்பது ரூபாய் கொடுத்தேன். அப்போது பீரோவில் எண்ணூற்றுப் பத்து ரூபாய் இருந்தது. ஐம்பதுக்கு மேல் ஏன் கை போகவில்லை என்று இன்றுவரை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மா மூன்றாம் மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் குறைந்தது. எங்கள் வீட்டை ஆபத்துக்குத் தயார் செய்ய ஆரம்பித்தேன். நாற்பது நாளுக்கு அரிசி, பருப்பு. பத்து லிட்டர் மண்ணெண்ணெய். மெழுகுவத்தி இரண்டு டஜன். காப்பீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் ஒரு தகரப் பெட்டியில், வாசல் கதவிலிருந்து ஏழு அடி தூரத்தில். வங்கிக் கணக்கில் மனைவி பெயரையும் சேர்த்து, பணம் எடுக்கும் சீட்டை எப்படி எழுதுவது என்று அவளுக்கு நான்கு தடவை சொல்லிக் கொடுத்தேன். அவள் நான்காம் தடவை எழுதி முடித்துவிட்டு, "எப்பச் சாகப் போறீங்கன்னு தேதியும் சொல்லிட்டா அதையும் எழுதிக்கிருவேன்" என்றாள்.

இதுவரை நான் செய்ததில் தப்பில்லை. இப்போதும் யாருக்கும் இதையெல்லாம் செய்யத்தான் சொல்வேன். தப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வந்தது. 'அவசரத்துக்குக் கேட்கக்கூடியவர்கள்' என்று தலைப்பிட்டு ஏழு பேரை எழுதினேன். ஒவ்வொருவருக்கும் எதிரே அவர் எவ்வளவு தரக்கூடும் என்று ஒரு தொகை. மொத்தம் பதினோராயிரம் வந்தது. முதலில் மனம் நிறைந்தது. பிறகு அந்தப் பதினோராயிரம் என்னை அரிக்கத் தொடங்கியது. அரிசியை அளந்து பார்க்கலாம், மண்ணெண்ணெயைக் குச்சி விட்டுப் பார்க்கலாம். இந்தத் தொகையை எப்படிப் பார்ப்பது?

தொழிற்சாலையில் மாதம் ஒருமுறை தீ விபத்து ஒத்திகை நடக்கும். மணி அடித்ததும் எல்லோரும் மரத்தடிக்கு ஓடுவோம். அதைப் போல இதற்கும் ஓர் ஒத்திகை வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. தீ ஒத்திகை ஒத்திகைதான் என்று ஓடுகிற எல்லோருக்கும் தெரியும். என்னுடையதில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வித்தியாசம் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மனைவியிடம் சொன்னேன். "அப்படிக் கேட்டுப் பாக்காதீங்க. அது அசிங்கம்" என்றாள்.

சம்பள நாளையொட்டிக் கேட்டால் யாரும் கொடுப்பார்கள் என்பதால் ஆகஸ்ட் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஊரில் தம்பிக்குக் குடலிறக்க ஆபரேஷன், இரண்டாயிரம் குறைகிறது என்று சொன்னேன். பட்டியலில் முதலாமவர், எங்கள் தலைமை எழுத்தர், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்வார்களே என்று அரை மணி நேரம் யோசனை சொன்னார். மாடி வீட்டுத் தஞ்சாவூர்க்காரர் நூறு ரூபாய் கொடுத்து, கூடவே இருநூறு ரூபாய் அளவுக்குத் தன் கஷ்டங்களைச் சொன்னார். மளிகைக்கடைக்காரர் பணமாகத் தர முடியாது, சாமான் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான்காவதாக, தேநீர் இடைவேளையில் ஸ்டோர் கண்காணிப்பாளரைக் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். அலமாரிக்குப் பின்னால் போல்ட்டு எண்ணிக்கொண்டிருந்த வெள்ளானூர்க்காரர் அதைக் கேட்டிருக்கிறார்.

என் ஏழு பேரில் அவர் இல்லை. என்னைவிடக் குறைந்த சம்பளம், மூன்று பெண் குழந்தைகள், பாதி வருடம் தண்ணீர் இல்லாத ஒன்றரை ஏக்கர். அவர் பெயரை எழுதலாமா என்றுகூட நான் யோசித்ததில்லை.

அவர் கொடுத்துவிட்டுப் போன அன்றே திருப்பிக் கொடுக்கச் சொன்னாள் மனைவி. உடனே கொடுத்தால் பொய் தெரிந்துவிடுமே என்றேன். ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் பத்து நாள், வீடு திரும்ப இரண்டு நாள் என்று கணக்குப் போட்டு, பதினாலாம் நாள் அதே இருபது தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பதினாலு நாளும் காலையில் ஸ்டோர் கதவைத் திறக்கும்போதே, "தம்பி எப்டி கீறாரு அண்ணாத்தே?" என்று கேட்பார். தேவலை என்பேன். ஒரு நாள் மறந்துபோய், யாருக்கு என்ன என்று கேட்டுவிட்டுச் சமாளித்தேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அக்டோபர் முதல் தேதி சம்பள வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் தொழிற்சாலையில் ஏலச்சீட்டு நடத்துபவர். மாதம் இருநூற்றைம்பது, இருபது பேர், இருபது மாதம், ஐயாயிரம் ரூபாய்ச் சீட்டு. சீட்டுத் தொகையில் யார் அதிகம் விட்டுக்கொடுத்து, அதாவது தள்ளி, கேட்கிறார்களோ அவருக்கு அந்த மாதச் சீட்டு; தள்ளிய தொகையை இருபது பேரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். எனக்குச் சீட்டு என்றாலே பயம், சேர்ந்ததில்லை. அவர் திரும்பிப் பார்த்துத் தம்பிக்குச் சுகமா என்று விசாரித்துவிட்டு, வெள்ளானூர்க்காரர் எனக்காகச் சீட்டை ஆயிரத்து இருநூற்றைம்பது தள்ளி எடுத்ததைச் சொன்னார். கடைசிச் சீட்டு வரை காத்திருந்து முழு ஐயாயிரம் எடுத்து, வீட்டுக் கூரையை மாற்றி ஷீட் போடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த மாதம் இன்னும் இரண்டு பேர் போட்டிக்கு நின்றதால் அவ்வளவு தள்ள வேண்டியதாயிற்று. கைக்கு வந்தது மூவாயிரத்து எழுநூற்றைம்பது.

அன்று சம்பளத்தை மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் வேறு வேறு தொகை வந்தது.

அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நஷ்டத்தைக் கொடுப்பதானால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் பொய் சொன்னதை ஒத்துக்கொள்ள வேண்டும். முப்பத்தெட்டு நாள் இப்படியே ஓடிற்று.

தீபாவளிக்குத் தம்பி ஊரிலிருந்து வந்தான். மறுநாள் காலை, நல்ல மழை. தம்பி ஸ்டூல் மேல் ஏறிக் கூடத்து டியூப் லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெள்ளானூர்க்காரர் வந்தார். தம்பி வருவதை ஸ்டோரில் யாரிடமோ நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணிக் கீரையும் நாட்டுக்கோழி முட்டை பத்தும் கொண்டுவந்திருந்தார். அண்ணாந்து பார்த்துப் பதறிப்போனார்.

"இன்னா தம்பி, வயித்துல தையல வெச்சிகினு ஸ்டூல் மேல ஏறிகினு கீறே? எறங்கு மொதல்ல."

தம்பி சிரித்தான். "தையலா? யாருக்குண்ணே தையல்?"

வெள்ளானூர்க்காரர் என்னைப் பார்த்தார். அடுக்களையிலிருந்து மனைவி வந்தாள்.

"அவருக்கு ஒண்ணுமில்லப்பா. அவசரம்னா யாரு குடுப்பாங்கன்னு பாக்கத்தான் இவரு கேட்டாரு. நான் அப்பவே வேண்டாம்னேன்."

"அப்ப சும்மானாச்சிக்கும் கேட்டுப் பாத்தியா அண்ணாத்தே?"

அப்போது நான் ஒன்று சொன்னேன். வாழ்நாளில் நான் பேசியதிலேயே கேவலமான வாக்கியம் அதுதான். "ஒன்னய நான் கேக்கலியேப்பா. நீயாத்தான கொண்டாந்து குடுத்த."

கோணிச்சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. "ஆமா, நீ கேக்கல. நாந்தான்" என்று சொல்லிவிட்டு, முட்டையைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். தம்பி அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. முட்டைகளை யாரும் தொடவில்லை.

நான்காம் நாள் மழை விட்டது. ஆயிரத்து இருநூற்றைம்பதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வெள்ளானூர் போனேன். அவர் வீட்டு முன்பாதியில் புது ஷீட் போட்டிருந்தது. பின்பாதி பழைய ஓலைதான். அதன்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து ஐந்து கல் வைத்திருந்தார்கள். உள்ளே நெல் மூட்டைகளைப் பின்னறையிலிருந்து முன்னறைக்கு இழுத்துப் போட்டிருந்தது. குழந்தைகள் மூட்டைமேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தன. அவர் மனைவி எனக்கு மோர் கொடுத்தார். அவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

கோபித்துக்கொள்வார், பணத்தை வாங்க மாட்டார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். வாங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் எனக்கும் அது வசதியாக இருந்திருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவர் வாங்கி, எண்ணினார்.

"இது ஜாஸ்தி. தள்ளுன காசுல எனக்கும் ஒரு பங்கு வந்துச்சில்ல, அறுவத்தி ரெண்டரை. அது உன்து இல்ல. மீதிதான் என் கூரை."

மனைவியைக் கூப்பிட்டு டப்பாவை எடுத்துவரச் சொன்னார். ஐம்பது, பத்து, இரண்டு ரூபாய்த் தாள், ஓர் எட்டணா நாணயம். என் உள்ளங்கையில் வைத்தார். நான் மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன்.

"கணக்கு முட்ஞ்சிச்சு சார்" என்றார்.

அதுவரை அவர் என்னை ஒருநாளும் சார் என்று அழைத்ததில்லை. அடுத்த ஆறு வருடம், நான் ஓய்வு பெறும் வரை, ஒரே ஸ்டோரில் வேலை பார்த்தோம். சண்டையில்லை. கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார். ஒவ்வொரு பதிலின் முடிவிலும் சார் இருக்கும். அடுத்த கோடையில் பின்பாதிக்கும் ஷீட் போட்டுவிட்டார் என்று வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. அதில் ஏழு பேரையும் அடித்துவிட்டு அவர் பெயரை எழுதியிருக்கலாம். எழுத உரிமையில்லை என்று தோன்றியது. அந்த நாலாவது வீட்டு அம்மாவுக்கு நான் ஐம்பது ரூபாய் கொடுத்த நாளில் யாராவது இப்படி ஒரு நோட்டுப் போட்டிருந்தால் அதில் என் பெயர் இருந்திருக்குமா என்றும் யோசித்தேன்.

1996இல் உண்மையாகவே அவசரம் வந்தது. ஓய்வுப் பணம் முழுவதையும் வேப்பம்பட்டில் வீடு கட்டுவதில் போட்டிருந்தேன். மனைவிக்குப் பித்தப்பையில் கல், உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். கையிலிருந்தது போக எட்டாயிரம் குறைந்தது. கேட்டால் தரக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் ஊர் சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் வாசலில் நின்று என்னவென்று சொல்வது? இந்தத் தடவை நிஜம் என்றா? போகவில்லை. மனைவியின் வளையல்களை வங்கியில் வைத்து எட்டாயிரம் வாங்கினேன். நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். யார் சொன்னார்களோ தெரியவில்லை. எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மனைவியின் கட்டில் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நான் மருந்து வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. அவளுடைய வெறுங்கையைப் பார்த்துக் கேட்டாராம், இவளும் வளையல் வங்கியில் இருப்பதைச் சொல்லிவிட்டாளாம்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"'என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணி'ன்னாரு."

வளையல்களை மீட்க ஏழு மாதம் ஆயிற்று. வட்டி எண்ணூற்று நாற்பது. வெள்ளானூரில் கொடுத்தது ஆயிரத்து நூற்று எண்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. ஒத்திகைக்கு ஆன மொத்தச் செலவு இரண்டாயிரத்து இருபத்தேழு ரூபாய் ஐம்பது காசு.