சொட்டுகிற இடம், கசிகிற இடம்

ஆக்னஸ் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கூட்டர் எஞ்சினின் அடிப்பக்கத்தைத் தடவுகிறார். கட்டைவிரல் எண்ணெய் போல்ட்டைச் சுற்றி வந்து நிற்கிறது. விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், பழைய பனியன் துணியில் துடைக்கிறார். "மறுபடியும் ரிஜெக்ட்" என்கிறார், யாரையும் பார்த்துச் சொல்லாமல்.

ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகத் தரம் பார்க்கிற வேலை. தினமும் சில நூறு ஷூக்கள் அந்தக் கட்டைவிரலைத் தாண்டித்தான் கப்பலேற வேண்டும். "கண்ணு பாலிஷைப் பாத்து ஏமாந்துடும். வெரலு ஏமாறாது" என்பார். விருந்தாளிகள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால், அதன் தையலைத் தடவிப் பார்த்த பிறகுதான் அவருக்கு அடுத்த வேலை. கல்யாணத்துக்குப் போய் வந்தால் மாப்பிள்ளையின் முகம் நினைவிருக்காது. அவருடைய இடது ஷூவின் நிறம் வலதைவிட ஒரு சாயல் கம்மி என்பது நினைவிருக்கும். கணவர் சாமுவேல் போடும் டீயில் சர்க்கரை குறைந்தால் டம்ளர் "ரீவொர்க்" என்று திரும்பிப் போய்விடும். வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு வேலை பார்க்கும் சாமுவேல் பொறுமைசாலி. "எக்ஸ்போர்ட் குவாலிட்டிக்கு நான் எங்க போவேன்?" என்று முனகியபடியே சர்க்கரை டப்பாவைத் திறப்பார்.

ஸ்கூட்டர் வாங்கியது ஆசைக்கு அல்ல. கம்பெனி பஸ் ஊர்த் தெருவுக்குள் வளைந்து திரும்பி ஆள் ஏற்றும். ஆக்னஸ் இருக்கும் காலனித் தெருவுக்குள் வராது. தெரு குறுகல், திருப்ப முடியாது என்றார்கள். ஆக்னஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போய் இரண்டு தெருவையும் அளந்தார். இரண்டும் பதினான்கு அடி. அளவை எழுதி, கீழே இருபத்திரண்டு பெண்களின் கையெழுத்து வாங்கி அலுவலகத்தில் கொடுத்தார். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அது வந்து மூன்று ஆண்டாகிறது. டேப் அளந்துவிடுகிற அகலம் அல்ல, காலனிக்கும் ஊருக்கும் நடுவில் இருப்பது. அதை ஒத்துக்கொள்கிற நேர்மை இல்லாதவர்கள் குறுகல் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெண்கள் விடிகாலையில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து நெடுஞ்சாலைக்குப் போனார்கள். ஆக்னஸ் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்.

இப்போது பின்சீட்டில் தேவகி வருகிறாள். தையல் பிரிவில் வேலை செய்யும் அடுத்த வீட்டுப் பெண். ஏழாவது மாதம். இரண்டு மாதம் முன்பு வழியில் மயங்கி விழுந்தவளை ஆக்னஸ்தான் தூக்கி உட்கார வைத்து, அன்றிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டார். தூரம் நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேலையை விட்டாலோ பிரசவ விடுப்புச் சம்பளம் கிடைக்காது. அவள் இன்னும் மூன்று வாரம் கம்பெனிக்குப் போயாக வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை கேட் காவலர் வண்டியைத் தடுத்தார். கம்பெனியில் வண்டி நிறுத்துமிடத்தில் புதிதாகக் கல் பதித்திருக்கிறார்கள். ஆக்னஸ் வண்டி நின்ற இடத்தில் ஐந்தாறு எண்ணெய்ச் சொட்டு.

"ஏம்மா, வெளிநாட்டுக்காரங்க வர்ற நேரம். திங்கக்கெழமை ஒரு சொட்டு வுழுந்தாலும் வண்டி உள்ள வராது. மெயின் ரோட்டுலயே வுட்டுட்டு நடந்து வா."

"நான் நடப்பேண்ணா. இவ நடக்க மாட்டா."

"அது எனக்கு இன்னா தெரியும்? ஆர்டரு."

சொட்டு விழ ஆரம்பித்ததே இரண்டு வாரம் முன்னால்தான். அப்போது ஆக்னஸ் செய்தது ஆம்பூர்க்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. எண்ணெய் போல்ட்டின் வாஷர் தேய்ந்திருக்கும் என்று நினைத்தார். கடைக்குப் போகவில்லை. வீட்டில் கிடந்த அடித்தோல் துண்டில் வட்டமாக ஒரு வாஷர் வெட்டினார், அச்சில் எடுத்தது போல. மாட்டினார். இரண்டு நாள் காய்ந்தே இருந்தது. மூன்றாம் நாள் சூடான எண்ணெயைக் குடித்துக் குடித்துத் தோல் ஊறிப்போய், முன்னைவிட ஜாஸ்தியாகச் சொட்டியது. "தோலுக்கு எண்ணெய் போட்டுப் பதமாக்குற ஊர்ல பொறந்துட்டு, தோலு எண்ணெய் குடிக்கும்னு எனக்குத் தோணல பாரு" என்று இன்றும் சிரிக்கிறார். தன் தவறைத் தானே சொல்ல வெட்கப்படாதவர்களை எனக்குப் பிடிக்கும்; அப்படிப்பட்டவர்கள் நிர்வாகத்தில் அதிகம் இல்லை.

பிறகு கடையில் அலுமினிய வாஷர் வாங்கி மாட்டினார். அப்படியும் போல்ட்டில் சொட்டு. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் விரல் 'ரிஜெக்ட்' சொன்னது அந்தச் சொட்டைத்தான்.

தேவகி ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றாள். "அக்கா, வண்டிமேல யாரு கண்ணோ பட்டிருக்கு. டயர்ல வெச்சு நசுக்கிடு."

"உப்பு போட்டுப் புழிஞ்சு நீ குடி. உனக்குத்தான் தெம்பு வேணும். வண்டிக்கு எண்ணெய் கசியிது, அவ்ளோதான்."

"எங்க கசியிது? போல்ட்டுக்குத்தான் புது வாஷர் மாட்டிட்டியே."

"சொட்டுற எடம் வேற, கசியிற எடம் வேற. ஷூ மூக்குல மடிப்பு விழுந்தா உன்னத்தான திட்டுறாங்க? தோல கோணலா வெட்டுனது யாரு?"

போன மாதம் அப்படி ஒரு திட்டு வாங்கியவள் தேவகி. எங்கும் நடப்பதுதான். பிழை மேலே நடக்கும். எல்லோருக்கும் கீழே இருப்பவர் தலையில் அது எழுதப்படும்.

ஆக்னஸ் சீட்டுக்கு அடியிலிருந்த பெட்டியைக் கழற்றி எஞ்சினைத் திறந்து வைத்தார். மண்ணெண்ணெயும் பிரஷும் போட்டு எஞ்சின் முழுவதையும் கழுவித் துடைத்து, வெயிலில் காயவிட்டார். பிறகு முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து எஞ்சின் மேல் தூவினார். எஞ்சின் கல்யாணப் பெண் போல வெள்ளையாக நின்றது. வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டார். அணைத்துவிட்டு செல்போன் விளக்கைப் பிடித்தார். வெள்ளைப் பூச்சில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. போல்ட்டிலிருந்து மேலே போனது. பக்கவாட்டில் திரும்பி, எஞ்சின் தலையின் மூடி விளிம்பில் போய் முடிந்தது. போல்ட் நிரபராதி. கம்பெனியில் குறை கண்ட இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஒன்றை அங்கே ஒட்டினார்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து மூடியைக் கழற்றினார். அதன் அடியில் இருந்த ரப்பர் வளையம் அப்பளம் போல இறுகி, ஓரிடத்தில் வெடித்திருந்தது. உமர் ஃபாரூக்கின் உதிரிபாகக் கடை ஞாயிறு மதியம் வரை திறந்திருக்கும். "தோல்லயே வெட்டிக்கலாமேக்கா?" என்று அவர் கிண்டல் செய்தார். விஷயம் தெருவெல்லாம் போயிருந்தது. "உன் கல்லாவை நெனச்சுதான் பாய் வுட்டுட்டேன்" என்று புது வளையத்தை வாங்கி வந்தார் ஆக்னஸ்.

மூடியின் விளிம்பைக் கத்தியால் சுரண்டவில்லை. கீறல் விழுந்தால் அதுவே அடுத்த கசிவு. மண்ணெண்ணெய்த் துணியால் பொறுமையாகத் துடைத்தார். வளையத்தைப் பள்ளத்தில் பதித்து, விரலால் ஒரு சுற்று தடவினார். நான்கு போல்ட்டுகளையும் ஒரே மூச்சில் முறுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஷூவை அச்சில் ஏற்றி இழுக்கிற முறையும் அதுதான்.

"இன்னும் நல்லா முறுக்கு" என்றார் சாமுவேல்.

"முறுக்கினா நசுங்கிடும். போய் டீ போடு."

திங்கட்கிழமை கேட் காவலர் ஒரு வெள்ளை அட்டையோடு காத்திருந்தார். ஆக்னஸ் அதை வாங்கித் தன் கையாலேயே எஞ்சினுக்கு நேர் கீழே விரித்துவிட்டு, தேவகியோடு உள்ளே போனார். சாயங்காலம் மணி அடித்ததும் காவலர் குனிந்து அட்டையை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். ஒரு பொட்டுக்கூட இல்லை.

"சரிம்மா. தெனமும் உள்ளயே வுட்டுக்க."

தேவகி ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். ஆக்னஸ் சாவியைப் போட்டார், திருகவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அதன் அடியில், புதுக் கல்லின் மேல், தட்டு அகலத்துக்குக் கறுப்பாக எண்ணெய் தேங்கியிருந்தது.

"அண்ணா, இது யாரு வண்டி?"

காவலர் கேட் பக்கம் பார்த்தார். "மேனேஜர் சாருதும்மா."

ஆக்னஸ் இறங்கினார். காவலர் கையிலிருந்த வெள்ளை அட்டையை வாங்கி, அந்த மோட்டார் சைக்கிளின் அடியில் தள்ளி, கோணலாக இருந்த ஒரு மூலையை இரண்டு விரலால் நேராக்கி வைத்தார்.