அம்மா ஒரே ஒரு தடவை சொன்ன பெயர்

ஜார்ஜியாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிறவர்கள், எலும்புகளின் பெயர்களோடு அந்த நாட்டு மொழியையும் படித்தாக வேண்டும். எங்கே வலிக்கிறது என்று நோயாளியிடம் கேட்கத் தெரிய வேண்டுமே. ஏழு வேற்றுமைகளில் கடைசியாக விளி வேற்றுமைக்கு வந்தார் எங்கள் ஆசிரியை. கட்ஸி என்றால் மனிதன். அவனையே கூப்பிட்டால் கட்ஸோ. ஆட்பெயராக இருந்தால் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘இ’ உதிர்ந்துவிடும், அவ்வளவுதான், சுலபம் என்றார். கூடப் படித்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அத்தனை சுலபமில்லை என்று எனக்கு ஏழு வயதிலேயே தெரியும்.

எங்கள் ஊர் திருமானூருக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையில். அப்பாவை அம்மா ‘ஏங்க’ என்றுதான் கூப்பிடுவாள். வெளியாளிடம் பேசும்போது ‘எங்க வூட்டுல’. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவாள், நான் சொல்வேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. புருஷன்மார்கள் பெண்டாட்டி பெயரை நாளைக்கு நூறு தடவை கத்துவார்கள். அதனால் எந்தப் பெண்ணின் ஆயுசும் குறைந்ததாக யாரும் கவலைப்பட்டதில்லை.

அது ஐப்பசி மாதம். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு வந்தது. ஆற்றுக்கு நடுவே இருந்த திட்டில் எங்கள் சினைப்பசு மேய்ந்துகொண்டிருந்தது. அதை ஓட்டிவர அப்பா போனார். போகும்போது முழங்கால் அளவுதான் தண்ணீர். அவர் திட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது.

சாயங்காலம் ஒரு பரிசல் வந்தது. திட்டு முழுக்க ஆளுயர நாணல், அதன்மேல் மழை. எந்த இடத்தில் ஆள் நிற்கிறார் என்று தெரியாமல் பரிசலை விட்டால் வெள்ளம் கீழே இழுத்துப் போய்விடும்.

“சத்தம் குடுங்க. அவரு பதில் குடுக்குற பக்கமா பாத்து விடுறேன்” என்றார் பரிசல்காரர்.

நான் ‘யப்போவ்’ என்று கத்தினேன். அப்பாவின் தங்கை, என் அத்தை, ‘யண்ணோவ்’ என்றாள். அம்மா ‘ஏங்க, ஏங்க’ என்றாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

“ஏங்கன்னா இந்த எரைச்சல்ல எங்க கேக்கப்போவுது? பேரச் சொல்லிக் கூப்புடும்மா.”

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர் ஓரம்வரை போனாள். அப்பாவின் பெயர் ‘ன்’ என்று முடியும். அந்த ‘ன்’னை விட்டுவிட்டுக் கடைசி எழுத்தை நீட்டிக் கூப்பிட்டாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஊரே பார்க்கிறதே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

“தோ வந்துட்டேன்” என்று நாணலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

“அங்கயே நில்லுங்க” என்று பரிசல்காரர் கத்தினார். அது அப்பாவுக்குக் கேட்டதோ என்னவோ. நாணலை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர், பரிசலைப் பார்க்கவே இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினார். நன்றாக நீந்தத் தெரிந்தவர்தான். பாதி ஆறு வரைக்கும் அவர் தலை தெரிந்தது.

வெள்ளம் வடிந்த பிறகுதான் அவரைக் கொண்டுவந்தார்கள். பசு அதற்கு முன்பே தானாகக் கரையேறி வீடு வந்து சேர்ந்திருந்தது.

“சொல்லாத பேரச் சொல்லிக் கூப்புட்டா. எங்கண்ணன் எறங்குச்சு” என்றாள் அத்தை, துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும். அம்மாவும் அதையே நம்பினாள். இத்தனை வருஷத்தில் கேட்காத குரலைக் கேட்டதும் வீட்டில் ஏதோ விபரீதம், எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று பதறி அப்பா இறங்கியிருப்பார். இப்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அதற்குப் பிறகு அம்மா யாரையும் கூப்பிடுவதில்லை. சோறு ஆகிவிட்டால் தட்டைத் தரையில் தட்டுவாள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து நிற்பாள், நானாகப் பார்க்கிறவரைக்கும்.

மறு வருஷம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவள் கையை விட்டுவிட்டுக் கடலை வண்டிப் பக்கம் நடந்தேன். பின்னால் ஒரு பஸ் திரும்பியது. ‘பாப்பா, பாப்பா’ என்று யார் யாரோ கத்தினார்கள். அம்மா கத்தவில்லை. பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் புகுந்து, என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். இருவரும் விழுந்தோம். அவள் முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது.

“ஒரு சத்தம் குடுத்திருந்தா புள்ள நின்னுருக்கும். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?” என்று டிரைவர் திட்டினார்.

எனக்கும் கோபம். “என் பேரு ஒனக்குத் தெரியாதா? கூப்புட்டா என்ன?” என்று கேட்டு அழுதேன். அம்மா என் பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆற்றங்கரையில் அப்பாவைக் கூப்பிட்டாளே, அந்தக் குரலில் என்னையும் ஒரு தடவை கூப்பிட மாட்டாளா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. அவளுக்கு அப்பாவைத்தான் பிடித்திருந்தது, என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். கூப்பிட்டால் அப்பா மாதிரி நானும் வந்துவிடுவேன் என்றுதான் அவள் பயந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.